மக்களே, கெமிக்கல் இன்ஜினியரிங் படியுங்கள்!

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் 25-ஆம் நம்பர் பங்களா என்று ஒன்று இருக்கிறது. 1951-ல் எஸ்டேட் மேனேஜர் துரைக்காகக் கட்டியது. நாடு சுதந்திரம் அடைந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சேதி மலையேறி வரக் கொஞ்சம் தாமதமாகியிருக்க வேண்டும். இன்றைக்கு யூடியூப்காரர்களுக்கு அது கேரளத்தின் பெயர் பெற்ற பேய் பங்களா. கதை இப்படிப் போகிறது: துரையின் பதின்மூன்று வயது மகள் அங்கே இறந்துபோனாள். துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறிவிட்டது. பிறகு ஒருநாள் விறகு பொறுக்கப் போன தோட்டத்துப் பெண் ஒருத்தி திரும்பி வந்தாள். எழுத்தே அறியாத அவள் வாயிலிருந்து இங்கிலீஷ் சரளமாகக் கொட்டியதாம்.

பேயை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதையின் நியாயத்தைக் கவனியுங்கள். தோட்டத்துப் பெண் இங்கிலீஷ் பேசினால் அவளுக்குப் பேய்தான் பிடித்திருக்க வேண்டும்! பள்ளிக்கூடம் என்று ஒன்று காரணமாக இருக்கலாமோ என்று கதை கட்டியவருக்கும் தோன்றவில்லை, இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. 1991 ஏப்ரல் 18-ல் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவித்துக்கொண்ட மாநிலம் இது. அதன் தலைநகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் இந்தக் கதை உலவுகிறது.

பேயைப் படம் பிடிக்க வருகிறவர்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டித்தான் பங்களாவுக்குப் போகிறார்கள். தோட்டம் முடங்கியதிலிருந்து வருஷக்கணக்காக மராமத்து காணாத வீடுகள். பெயர்ந்த சுவர், ஒழுகும் கூரை, கூலி பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி. அதற்குள்ளே உயிரோடு மனிதர்கள் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு வியூஸ் கிடைக்காது என்பதால் கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊரெல்லாம் உயர்கல்வி வழிகாட்டிக் கருத்தரங்குகள் முளைக்கின்றன. "உங்கள் எதிர்காலம் உங்கள் கையில்" என்று பேனர் கட்டுகிறார்கள். கோட்டு போட்ட ஒருவர் வந்து, உள்ளம் எதை விரும்புகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, தன் கோச்சிங் சென்டரின் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்தக் கருத்தரங்குகளுக்கு மலையேறிப் பழக்கமில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த இலவச வழிகாட்டி. போனக்காட்டு லயத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ படிக்கிறாள், கணக்கும் கெமிஸ்ட்ரியும் நன்றாக வருகிறது, கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். அவளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். மக்களே, நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம்: பாடத்தைத் தெரிந்துகொள்

கெமிஸ்ட்ரி படித்தவர் கண்ணாடிக் குப்பியில் ஐந்து கிராம் செய்து காட்டுவார். அதையே நாளுக்கு ஐந்நூறு டன்னாக, அதே தரத்தில், கட்டுப்படியாகும் விலையில், ஆள் சாகாமல் செய்து காட்டுவது கெமிக்கல் இன்ஜினியரின் வேலை. 1887-ல் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் என்ற ஆலை ஆய்வாளர் நடத்திய சொற்பொழிவுகளிலிருந்து இந்தப் படிப்பின் கதையைத் தொடங்குவார்கள். சர்க்கரை ஆலையோ சோப்பு ஆலையோ, உள்ளே நடப்பது ஒரு சில அடிப்படை வேலைகள்தான் என்பது அவர் கண்டுகொண்ட விஷயம்: காய்ச்சுதல், வடித்தல், உலர்த்துதல், கலத்தல், பிரித்தல். இவற்றைத் தனித்தனியாகக் கற்றுவிட்டால் எந்த ஆலையையும் நடத்தலாம். 1915-ல் அமெரிக்காவில் ஆர்தர் லிட்டில் இதற்கு யூனிட் ஆப்பரேஷன் என்று பெயர் வைத்தார்; அன்றுமுதல் அதுவே பாடத்தின் முதுகெலும்பு.

மகளே, இதைப் படிக்க நீ மான்செஸ்டர் போக வேண்டாம். உன் லயத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி உடைந்து, துருப்பிடித்து நிற்கிறதே தேயிலை ஃபேக்டரி, அது முழுக்க யூனிட் ஆப்பரேஷன்தான். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காற்றடித்து அதை வாட்டுவார்கள். ரோலரில் உருட்டி இலையின் செல்களை உடைப்பார்கள். உடைந்த சாறு காற்றோடு கலந்து ஆக்சிஜன் ஏறி, பச்சை நிறம் செம்பாகும்; அந்த நிறமும் மணமும் சரியாக வந்த நிமிஷத்தில் டிரையருக்குள் அனுப்பி, சூடான காற்றில் ஈரத்தை மூன்று விழுக்காட்டுக்கு இறக்குவார்கள். ஒரு நிமிஷம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சுவை மழுங்கிவிடும். ஃபேக்டரியில் வேலை பார்த்த உன் பாட்டி கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து அந்த நிமிஷத்தைச் சொல்லிவிடுவாள். பல்கலைக்கழகத்தில் இந்த ஈரம் இறக்கும் வேலைக்கு மாஸ் டிரான்ஸ்ஃபர் என்று பெயர்; ஒரு செமஸ்டர் நடத்துவார்கள். பாட்டிக்கு அப்போது கூலி கொடுத்தார்கள். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

வேறு எந்த ஊரிலும் இப்படி ஓர் ஆலை சும்மா கிடந்தால் ஒரு பாலிடெக்னிக்கின் பயிற்சிக்கூடமாக்கியிருப்பார்கள். 1944-ல் அழகப்பச் செட்டியார் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தார், கிண்டியில் ஏ.சி.டெக் கல்லூரி எழுந்தது, கெமிக்கல் இன்ஜினியரிங் அங்கே இன்றைக்கும் முதல் வரிசைப் படிப்பு. மலைகளில் தேயிலை, ஏலம், ரப்பர் என்று எத்தனை தலைமுறை முதலாளிகள் லாபம் அறுத்தார்கள்! கிண்டி மாதிரி ஒன்றை எந்த லயத்தின் பக்கத்தில் வைத்தார்கள் என்று கேட்டால், பசுமையான காட்சிமுனை ஒன்றைக் காட்டுவார்கள்.

இரண்டாம் பாடம்: அருகிலுள்ள கல்வி நிலையங்களை அறிந்துகொள்

அதிர்ஷ்டத்துக்குப் போனக்காட்டில் குறைவே இல்லை. மலையிறங்கி விதுரா போனால் மருதாமலையில் ஐசர் இருக்கிறது. 2008-ல் தொடங்கிய, நாட்டின் ஏழு தேசிய அறிவியல் கல்வி நிலையங்களில் ஒன்று. கெமிஸ்ட்ரியில் உலகத் தர ஆய்வுக்கூடங்கள். இன்னும் கொஞ்சம் கீழே வலியமலையில் விண்வெளித் தொழில்நுட்பக் கல்லூரி, 2007-ல் தொடங்கியது. அதை ஒட்டி ராக்கெட்டுக்குத் திரவ எரிபொருள் எந்திரம் வடிவமைக்கும் இஸ்ரோ மையம். அந்த எந்திரத்தை எரித்துச் சோதிக்கும் இடம் இதே மலைத்தொடரின் அந்தப் பக்கம், மகேந்திரகிரியில். இந்தப் பக்கம் படம் வரைகிறார்கள், அந்தப் பக்கம் பற்றவைக்கிறார்கள், நடுவில் போனக்காட்டில் ராத்திரி விளக்கு எரியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விதுராவும் வலியமலையும் போனக்காடும் ஒரே நெடுமங்காடு தாலுகா. ஒரே தாசில்தார், ஒரே மழை. ஐசர் வாசலைக் கடந்து போக லயத்துப் பிள்ளைக்குப் பஸ் வேண்டும். யானையும் காட்டெருமையும் நடமாடும் காட்டுப் பாதையில் ஆனவண்டி என்கிற அந்த அரசு பஸ்ஸின் மனம் போலத்தான் படிப்பு. கிரையோஜெனிக் எந்திரத்தை மைனஸ் 253 டிகிரியில் குளிர்ந்த ஹைட்ரஜனில் ஓட்டத் தெரிந்த நாடு இது. இருபது கிலோமீட்டர் மலைப்பாதையில் டீசல் பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவது அதைவிடக் கடினமான விஞ்ஞானம் போலிருக்கிறது.

இன்னொரு கல்வி நிலையம் தலைக்கு மேலேயே இருக்கிறது: அகத்தியர்கூடம். தமிழுக்கு இலக்கணம் தந்தவர், ரசவாதிகளின் ஆதிகுரு என்று கொண்டாடப்படுகிறவர் குடியிருப்பதாகச் சொல்லும் சிகரம். ஜனவரி பிறந்தால் வனத்துறை ஆன்லைனில் பாஸ் கொடுக்கும். நகரத்திலிருந்து முதுகுப்பை தூக்கி வருகிறவர்கள் போனக்காட்டில்தான் மலையேறத் தொடங்குவார்கள். சிகரத்துக்குப் போக நேரான வழி இருக்கிறது. லயத்திலிருந்து கல்லூரிக்குப் போகத்தான் வழியைக் காணோம்.

மூன்றாம் பாடம்: நுழைவுத் தேர்வு

கேரளத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் சேர வேண்டுமானால் கீம் என்ற மாநில நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். திருச்சூர் அரசு பொறியியல் கல்லூரி, கொல்லம் டி.கே.எம். போன்ற இடங்களில் இந்தப் பிரிவு இருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. இவற்றைக் கோச்சிங் இல்லாமலும் எழுதலாம். கோச்சிங் இல்லாமல் வெல்லலாம் என்று பேட்டி கொடுக்கும் பிள்ளைகளைக் கோச்சிங் சென்டர்கள்தாம் தங்கள் விளம்பரத்தில் போடுகின்றன என்பதை மட்டும் கவனத்தில் வை.

2025-ல் என்ன நடந்தது தெரியுமா? பிளஸ் டூ மார்க்கைச் சமன்செய்யும் பழைய கணக்கில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் அடிபடுகிறார்கள் என்று பல வருஷப் புகார். அரசு திருத்த முடிவு செய்தது. எப்போது? பரீட்சை எழுதி முடித்த பிறகு! ஜூலை 1-ல் புதுக் கணக்கில் ரேங்க் பட்டியல். ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றலாமா என்று ஜூலை 9-ல் உயர் நீதிமன்றம் பட்டியலை ரத்து செய்தது. மறுநாளே பழைய கணக்கில் புதுப் பட்டியல். முதல் நூறு இடங்களில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் 43 பேர் இருந்தது 21 ஆனது. ஒன்பது நாள் அவர்கள் இன்ஜினியர்களாக இருந்தார்கள்.

அநியாயம் நடப்பதை ஒத்துக்கொள்வார்கள். அதைக் கோர்ட்டில் நிற்காத விதத்தில்தான் திருத்துவார்கள். பிறகு, நாங்கள் முயன்றோமே என்று கையை விரிப்பார்கள். இந்த வித்தைக்குப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் இருந்தால் தலைமைச் செயலகத்தில் பாதிப்பேர் தங்கப்பதக்கம் வாங்குவார்கள்.

நான்காம் பாடம்: சான்றிதழ்களைத் தயார் செய்

இதுதான் கடினமான பாடம். தெர்மோடைனமிக்ஸ் இதற்குக் கீழே.

உன் பூட்டன் தலித். தமிழ் நிலத்திலிருந்து கங்காணியால் ஓட்டிவரப்பட்டவன். மலையில் காடு வெட்டினான், கன்று நட்டான், காய்ச்சலில் செத்தான். நீ பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகிறாய். 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை மாநிலம் மாநிலமாகச் சாதிப் பட்டியல் போட்டிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே உன் முன்னோர் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் எங்கே என்பார்கள். ஆதாரம் என்றால் பட்டா, வீட்டு வரி ரசீது, பத்திரம். லயத்தில் ஏது பட்டா? லயம் கம்பெனிக்குச் சொந்தம், நிலம் கம்பெனிக்குச் சொந்தம், பெயர் எழுதிய செக் ரோல் கம்பெனி ஆபீசில் கரையானுக்குச் சொந்தம்.

1990-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்துவைத்தது. ஆந்திரத்தில் பழங்குடியாகப் பிறந்து பம்பாயில் வளர்ந்த ஒரு மாணவர் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். ஒரு மாநிலத்துப் பட்டியல் உரிமை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று தீர்ப்பு. மாநில எல்லை தாண்டினால் ஒதுக்கீடு உதிர்ந்துவிடும். தீண்டாமைக்கு அந்தச் சிரமம் இல்லை. அது எந்த எல்லையையும் டிக்கெட் இல்லாமல் தாண்டும்.

இன்னும் வேடிக்கை கேள். 1950-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலத்தில், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. நாஞ்சில் நாட்டிலிருந்து போனக்காடு வந்தவன் எல்லையைத் தாண்டவே இல்லை. பக்கத்து மலைக்கு வேலைக்கு வந்தான். 1956 நவம்பர் 1-ல் எல்லைதான் அவனைத் தாண்டிப் போனது. டில்லியில் போட்ட கோட்டுக்கு லயத்துப் பேத்தி இன்றைக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

சந்தேகம் வந்தால் விசாரணை உண்டு. கோழிக்கோட்டில் கிர்த்தாட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் உன் சாதியை மானுடவியல் முறைப்படி ஆராயும். உன் பாட்டியை எந்தப் பெயர் சொல்லித் துரை வைதான், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை என்பதை நிரூபித்தாக வேண்டும். வைதவனிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. நடுவில் தாத்தா ஞானஸ்நானம் பெற்றிருந்தால் இன்னும் சுலபம்: அதே ஆணையின் மூன்றாம் பத்தி கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆண்டவர் பாவத்தைக் கழுவினார். சர்க்கார் ஒதுக்கீட்டைக் கழுவிவிட்டது. சாதி மட்டும் கறையாய் அப்படியே நிற்கிறது.

சரி, தமிழ்நாட்டுக்குப் போகலாமே என்கிறாயா? போ. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஃபீஸையும் அரசே கட்டுகிறது. உருப்படியான திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நீ படித்தது கேரளத்து அரசுப் பள்ளி. ரேஷன் கார்டு கேரளம், ஆதார் கேரளம். இங்கே நீ பாண்டிக்காரி. அங்கே போனால் மலையாளத்துப் பிள்ளை. மேடையில் உலகத் தமிழர் என்று முழங்கும்போது மட்டும் உன்னையும் சேர்த்துத் தலை எண்ணிக்கொள்வார்கள்.

ஐந்தாம் பாடம்: பணம்

ஐ.ஐ.டி.யில் கல்விக் கட்டணத்தை 2016-ல் வருஷத்துக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக்கினார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு அது தள்ளுபடி, சான்றிதழ் இருந்தால். நான்காம் பாடத்தைத் திரும்பப் படி.

வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை ஈடு வேண்டாம் என்பது விதி. விதியைப் படித்துக் காட்டினால் மேனேஜர் சிரிப்பார், அப்பாவின் சம்பளச் சீட்டைக் கேட்பார். வருஷக்கணக்காகச் சம்பளமே பார்க்காத தோட்டத்தில் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்?

சேமிப்பு இருக்க வேண்டுமே என்பார் கோட்டு போட்ட வழிகாட்டி. மூணாறில் 2015-ல் கொழுந்து பறிக்கும் பெண்கள் கட்சிக் கொடியைத் தூக்கி எறிந்துவிட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஓட்டிவிட்டு, பொம்பளை ஒருமை என்று ரோட்டில் உட்கார்ந்தார்களே, அப்போது அவர்கள் நாள் கூலி 232 ரூபாய். அத்தனை போராட்டத்துக்குப் பிறகு 301 ஆயிற்று. அன்றைக்கு இது ஓடுகிற தோட்டத்துக் கூலி. மூடிய தோட்டத்தில் எதைச் சேமிப்பது?

ஆனால் சட்டப்படி உன் வீட்டில் பணம் இருக்கிறது, மகளே. 1972-ன் கிராஜுவிட்டிச் சட்டம் சொன்னது: ஐந்து வருஷம் வேலை பார்த்தவருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், விலகிய 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி. முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு அது ஒரு கல்லூரிப் படிப்பின் ஆரம்பச் செலவு. அந்தப் பணம் எங்கே? கம்பெனியைக் கேட்டால் நஷ்டம் என்கிறது. சர்க்காரைக் கேட்டால் கேஸ் நடக்கிறது என்கிறது. சங்கத்தைக் கேட்டால் மாநாடு நடக்கிறது என்கிறது. கிராஜுவிட்டிக்காகக் காத்திருந்து கண்மூடியவர்களின் பேரப்பிள்ளைகளிடம், பணத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒருவர் மைக் பிடித்துச் சொல்கிறார்.

தோட்டத்துக்கென்றே 1951-ல் ஒரு சட்டம் வந்தது. வீடு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் முதலாளி தர வேண்டும் என்றது. பள்ளிக்கூடமும் அதில் இருந்தது, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு! பன்னிரண்டுக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு? கூடை முதுகில் ஏறும் வயசு வந்துவிட்டதே. இந்திய நாடாளுமன்றம் போட்ட சட்டம் இது, துரை போட்டதல்ல. அதே சட்டம் வாக்களித்த வீட்டின் லட்சணம் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தெரிந்தது. லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆறாம் பாடம்: பட்டம் வாங்கியபின்

இத்தனையும் தாண்டி ஒருத்தி கல்லூரிக்குள் நுழைந்துவிட்டாள் என்று வை. நாலு வருஷம் ரியாக்டர் வடிவமைப்பும் வெப்பப் பரிமாற்றமும் படிப்பாள். கடைசி வருஷம் கேம்பஸுக்கு சாஃப்ட்வேர் கம்பெனி வரும். டிஸ்டிலேஷன் டவர் வடிவமைக்கப் படித்தவளை ஜாவா எழுதக் கூட்டிக்கொண்டு போகும். கல்லூரிக்கும் இதில் வருத்தம் கிடையாது. வேலை கிடைத்தோர் பட்டியலில் தலை ஒன்று கூடும். 2024-ல் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. நல்ல நிலையிலுள்ள கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சீட்டுகள் பெருகின, பழைய பிரிவுகள் மூலைக்குப் போயின. உரம், மருந்து, எரிபொருள், குடிதண்ணீர் எல்லாம் இனி மொபைல் ஆப்பில் டவுன்லோடு ஆகும்போலிருக்கிறது.

ஆலையிலேயே வேலை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-ல் விதி எழுதினார்கள். ஒரு வருஷம் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த அப்ரண்டிஸை எடுக்கலாம். நிரந்தர ஆள் தேவையே இல்லாமல் ஆலை ஓடும். கேட் எழுதி நல்ல மார்க் எடுத்தால் எம்.டெக் சேரலாம், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் கதவையும் தட்டலாம்; அங்கேயும் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவு.

படிப்பில் பாதுகாப்பு என்று ஒரு பாடம் வரும், போபால் என்று ஓர் அத்தியாயம் வரும். 1984 டிசம்பர் 2 ராத்திரி. விஷ வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் எந்திரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. செலவைக் குறைத்தார்கள்; ஊர் செத்தது. 2010-ல் ஆலைக் கம்பெனியின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருஷத் தண்டனை, அன்றைக்கே ஜாமீன். பரீட்சையில் இதற்கு எத்தனை மார்க் என்று பார்த்துக்கொள். நீதிமன்றத்தில் எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது.

கேரளத்துக்கென்று சொந்த அத்தியாயமும் உண்டு. எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தயாரித்தவர்களில் உத்தியோகமண்டலத்தில் இயங்கிய பொதுத்துறை ஆலையும் ஒன்று. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் தெளித்தது மாநில அரசின் தோட்டக் கழகம். ஒரு சர்க்கார் காய்ச்சியது, ஒரு சர்க்கார் தெளித்தது, குடித்தவர்கள் தோட்டத்தைச் சுற்றியிருந்த ஜனம். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆளுக்கு 5 லட்சம், மூன்று மாதத்தில் கொடு என்றது. 2022 மே மாதம் பார்த்தால் 3,704 பேரில் பணம் போய்ச் சேர்ந்தது 8 பேருக்கு. பிற மாநிலக் கெமிக்கல் இன்ஜினியர்கள் ஆலையில் கசிவைத் தேடுகிறார்கள். இங்கே தலைமைச் செயலகத்தில் தேட வேண்டும்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறதல்லவா? கெமிக்கல் இன்ஜினியரிங் தோட்டத்துக்கு வரவில்லை என்று யார் சொன்னது? தாராளமாக வந்தது. களைக்கொல்லியாக வந்தது, பூச்சிமருந்தாக வந்தது, ஹெலிகாப்டரில் பறந்துகூட வந்தது. பட்டமாக வர மட்டும் அதற்கு வழி தெரியவில்லை.

கடைசிப் பாடம்: கணக்கு

கெமிக்கல் இன்ஜினியரிங் வகுப்பில் முதல் வாரமே ஒரு கணக்கு சொல்லிக் கொடுப்பார்கள். மெட்டீரியல் பேலன்ஸ் என்பார்கள். எந்த ஆலையைச் சுற்றியும் மனசுக்குள் ஒரு கோடு போடு. கோட்டுக்குள் வந்ததில் வெளியே போனதைக் கழி. மிச்சம் உள்ளே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒன்று உன் கணக்குத் தப்பு, இல்லை எங்கோ ஓட்டை. பொருள் காணாமல் போகாது. நாலரை கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆனால் மூன்றரை கிலோ தண்ணீர் ஆவியாய்ப் போயிற்று என்று கிராம் சுத்தமாகச் சொல்லலாம்.

போனக்காட்டைச் சுற்றி அந்தக் கோட்டைப் போடு, மகளே. உள்ளே வந்தது: நாலைந்து தலைமுறை மனிதர்களின் முழு ஆயுள். வெளியே போனது: கப்பல் கப்பலாய்த் தேயிலை, அதன் லாபம், அதன்மேல் சர்க்கார் வாங்கிய வரி. உள்ளே மிஞ்சியது: ஒழுகும் லயம், துருப்பிடித்த டிரையர், கொடுபடாத கிராஜுவிட்டி, கிடைக்காத சான்றிதழ், ஒரு பேய்க் கதை. இந்தக் கணக்கு உதைக்கிறது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. பேராசிரியர் வேண்டாம். லாபத்தை எடுத்துக்கொண்டு கடனை மட்டும் மலையில் விட்டுப்போன முதலாளியின் சட்டைப்பையில் ஓர் ஓட்டை. நிலத்துக்குச் சொந்தக்காரன் யார் என்று வருஷக்கணக்கில் வழக்காடிவிட்டு, அதில் உழைத்தவனுக்கு ஒரு சென்ட் எழுதிக் கொடுக்க மனமில்லாத அரசாங்கத்தின் கோப்பில் ஓர் ஓட்டை. சந்தா வாங்கத் தெரிந்து பாக்கி வாங்கத் தெரியாத சங்கத்தில் ஓர் ஓட்டை. 2025 நவம்பர் 1-ல் அதிதீவிர வறுமை ஒழிந்துவிட்டது என்று மேடைபோட்டுக் கைதட்டிக்கொண்ட கேரளத்தின் மனசாட்சியில் ஒன்று. எல்லை தாண்டிய தமிழன் சிங்கப்பூரில் ஜெயித்தால் நம்மாள், மலையில் கூலிக்குப் போனால் யாரோ என்று இருக்கும் நம்முடைய தமிழ்ப் பெருமிதத்தில் பெரிதாக இன்னொன்று.

ஆகவே வழிகாட்டிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "தேர்ந்தெடு" என்று அவளிடம் சொல்லாதீர்கள். நாலு கதவையும் அடைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்த வழியாகப் போக இஷ்டம் என்று கேட்பது வழிகாட்டுவதல்ல, கேலி. அவளுக்குக் கணக்கு வருகிறது, கெமிஸ்ட்ரி வருகிறது, ஆசையும் இருக்கிறது. அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டாள். பாக்கி முழுக்க உங்கள் பக்கம். அம்மாவின் கிராஜுவிட்டியை வட்டியோடு எண்ணி வையுங்கள். குடியிருக்கும் லயத்தையும் அது நிற்கும் மண்ணையும் அவள் வீட்டார் பெயருக்கு எழுதுங்கள். தலைமுறை தலைமுறையாக இதே மலையில் பிறந்து இதே மலையில் புதைந்தவர்களிடம் 1950-ன் ரசீது கேட்பதை நிறுத்தி, கல்லறைகளையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு சான்றிதழ் கொடுங்கள். காலையில் ஒரு பஸ் விடுங்கள், சாயங்காலம் அதைத் திருப்பி அனுப்புங்கள். விதுராவில் விடுதியோடு ஒரு கோச்சிங் வகுப்பு நடத்துங்கள். ராக்கெட் எந்திரம் வடிவமைக்கிற தாலுகாவுக்கு அது ஒரு செலவே அல்ல. சட்டம் கொடுத்த கெடு 30 நாள். அது முடிந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று உங்கள் கோப்பைத் திறந்து நீங்களே பாருங்கள். பாக்கியைத் தீர்த்த பிறகு மலையேறி வந்து கருத்தரங்கு நடத்துங்கள். அதுவரை அவளுக்கு உபதேசம் பண்ண உங்களில் ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது.